சம்பளம் ஒன்றே போதுமா? ஊழியர் ஊக்க ஆய்வுகளும் 1941 கிள்ளான் கோரிக்கைப் பட்டியலும்

மனிதவள நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு தொழிலாளி எதற்காக மனம் வைத்து வேலை செய்கிறார்? சம்பளத்துக்காகவா, மரியாதைக்காகவா, அந்த வேலையின் மீதுள்ள பிடிப்பாலா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் ஊழியர் ஊக்க ஆய்வு. கோலாலம்பூர், ஷா ஆலாம், பாங்கி, செர்டாங் பல்கலைக்கழகங்களில் மனிதவளம் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இதே தலைப்பில் ஆய்வேடு எழுதுகிறார்கள்.

அவர்கள் படிக்கும் பாடநூல்களில் வரும் பெயர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பேராசிரியர்களுடையவை. மாஸ்லோ தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1943இல். ஹெர்ஸ்பெர்க்கின் நூல் வந்தது 1959இல். இவற்றுக்கு முன்பே, 1941இல், கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கூலியும் மரியாதையும் ஒன்றை விட்டு ஒன்று நிற்காது என்பதை அந்தப் பட்டியல் தெளிவாகச் சொன்னது. ஊழியர் ஊக்க ஆய்வுகள் பின்னர் கண்டுபிடித்ததையும், அவை பார்க்கத் தவறியதையும் அந்தப் பட்டியலோடு சேர்த்துப் படிப்பது பயனுள்ளது.

தலைக்காசு: பழைய தோட்டத்தின் ஊக்க முறை

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் கங்காணிகளிடம் போனது. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்து வருவார். தோட்டத்தில் அவருக்குத் தலைக்காசு உண்டு. அவர் அழைத்து வந்தவர்களில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்களோ, அத்தனை பேருக்கும் கணக்கிட்டு அவருக்குக் காசு கொடுக்கப்படும்.

இன்றைய மனிதவள மொழியில் சொன்னால் இது ஒரு ஊக்கத்தொகைத் திட்டம். அந்தத் திட்டம் அளந்தது வருகையை மட்டுமே. விடியற்காலைப் பெரட்டில் எத்தனை தலை நிற்கிறது என்பதுதான் கங்காணியின் வருமானம். உடம்பு சரியில்லாதவரையும் வேலைக்கு இழுத்து வருவது அவருக்கு இலாபம். தொழிலாளியின் திறமை வளர்ந்தாலும் அவர் நிம்மதியாக இருந்தாலும் கங்காணிக்கு அதனால் ஒரு காசு கூடாது. எதை அளந்து பணம் கொடுக்கிறோமோ அது மட்டுமே நடக்கும் என்று இன்று மேலாண்மை வகுப்புகளில் சொல்லித்தரும் பாடத்துக்குத் தலைக்காசைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தொழிலாளர் நிலைமையைப் பார்த்து அறிக்கை தர வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயா வந்தார். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் குடியேறுவதை நிறுத்தியது. புதிய ஆள் வருவது நின்றதும், தோட்டத்தில் இருந்தவர்களின் குரலுக்கு முதல் முறையாகக் கொஞ்சம் எடை கூடியது.

பட்டியலில் என்ன இருந்தது?

ஐரோப்பாவில் போர் தொடங்கியதும் ரப்பர் விலை ஏறியது. விலைவாசியும் ஏறியது. கூலி அதற்கேற்ப ஏறவில்லை. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டியது. அதில் முன்னின்றவர் ஆர்.எச். நாதன். அவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர்.

1941 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கூலிக் கோரிக்கையோடு முதல் அலை எழுந்தது. தொழிலாளர்கள் கேட்டவை கூலியோடு நிற்கவில்லை. அவர்களின் கோரிக்கைகள் ஏறக்குறைய இவை:

- சீனத் தொழிலாளர்களுக்குக் கிடைப்பதற்குச் சமமான கூலி.
- 10 முதல் 12 மணி நேர வேலைக்கு முடிவு.
- முரட்டுத்தனமான அதிகாரிகளை நீக்குதல்.
- தொழிலாளர் குடும்பப் பெண்களிடம் அதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்துதல்.
- பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, முறையான மருத்துவ வசதி.
- தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல்.
- உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக அனுமதி.
- பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை.
- குறை சொன்னவர்களைப் பழிவாங்காமல் இருத்தல்.
- துரைமார்களுக்கும் தோட்ட அதிகாரிகளுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல அனுமதி.

கடைசிக் கோரிக்கை இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அன்று துரையோ கிராணியோ எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். இந்த மாற்றத்துக்காக முதலாளி ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் வருமானமும் அதனால் ஒரு காசு கூடப்போவதில்லை. ஆனாலும் அது கூலி உயர்வோடு ஒரே பட்டியலில் இடம்பிடித்தது.

மே 5ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் மீண்டும் வெடித்து சிலாங்கூரின் பல தோட்டங்களுக்குப் பரவியது. மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கூலிக்காகத் தொடங்கிய போராட்டம், தங்களுக்காகப் பேசிய ஒருவரை விடுவிக்கக் கேட்டு உயிர்ப்பலி வரை போனது என்பதை ஊக்கம் பற்றி ஆராயும் எவரும் கவனிக்காமல் கடக்க முடியாது.

ஹாதோர்ன் தொழிற்சாலையில் கேட்டது

ஏறக்குறைய இதே காலத்தில் அமெரிக்காவில் இந்தத் துறை வளர்ந்துகொண்டிருந்தது. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலை தொலைபேசிக் கருவிகளைத் தயாரித்தது. அங்கு 1924 முதல் 1932 வரை தொடர் சோதனைகள் நடந்தன. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்ப்பதில் தொடங்கிய அந்த ஆய்வு, எதிர்பாராத இடத்துக்குப் போனது. வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் நேரான தொடர்பு கிடைக்கவில்லை.

பிறகு ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோவும் அவரது குழுவினரும் சேர்ந்தார்கள். 1928 முதல் 20,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். தொடக்கத்தில் தயாரித்து வைத்த கேள்விகளைக் கேட்டார்கள். ஊழியர்கள் வேறு எதையோ பேச விரும்பியதால், கேள்விகளை விட்டுவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்கள். மேற்பார்வையாளர் நடத்தும் விதமும், உடன் வேலை செய்பவர்களின் உறவும் வேலையைப் பெரிதும் பாதிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்த ஆய்வின் முறைகளைப் பின்னாளில் பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். ஊதிய முறை மாற்றத்தின் பங்கை அது குறைத்துக் காட்டியது என்பது முக்கியமான குறை. இருந்தாலும் தொழிலாளியின் பேச்சைக் கேட்பதே ஓர் ஆய்வு முறை என்று நிலைநாட்டியது ஹாதோர்ன்.

அங்கே ஊழியரைத் தேடிப் போய்க் கேட்டார்கள். கிள்ளானில் தொழிலாளர்கள் தாங்களே முன்வந்து சொன்னதற்குத் துப்பாக்கி பதிலாக வந்தது.

ஹெர்ஸ்பெர்க்கின் இரு பட்டியல்கள்

பிரெட்ரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவரது இரு சகாக்களும் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்தார்கள். வேலையில் மிக மகிழ்ந்த நேரம் எது, மிக வெறுத்த நேரம் எது என்று கேட்டார்கள். விடைகள் இரண்டு தனித்தனிப் பட்டியல்களாகப் பிரிந்தன. மகிழ்ச்சிக்குக் காரணமாகச் சாதனை, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம், வேலையின் தன்மை ஆகியவற்றைச் சொன்னார்கள். வெறுப்புக்குக் காரணமாக நிறுவனக் கொள்கை, மேற்பார்வை, சம்பளம், வேலையிட வசதி, சக ஊழியர் உறவு ஆகியவற்றைச் சொன்னார்கள்.

இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றைச் சரிசெய்தால் முணுமுணுப்பு நிற்கும், ஆனால் உற்சாகம் பிறக்காது; உற்சாகத்துக்கு முதல் பட்டியல் வேண்டும் என்பது ஹெர்ஸ்பெர்க்கின் முடிவு. சம்பளத்தை உயர்த்தினால் போதும் என்று நினைக்கும் முதலாளிகளுக்கு இது இன்றும் நல்ல எச்சரிக்கை.

கிள்ளான் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். தோட்டத் தொழிலாளர்கள் கேட்ட பெரும்பாலானவை ஹெர்ஸ்பெர்க்கின் இரண்டாவது பட்டியலில் அடங்கும். அவர் கணக்குப்படி அவை வெறும் வெறுப்பு நீக்கிகள். அந்தக் கோரிக்கைகளுக்காக மக்கள் உயிரையே பணயம் வைத்ததை அந்தக் கணக்கு விளக்காது. அவர் கேட்டது படித்த, நிலையான சம்பளம் வாங்கிய அலுவலர்களிடம். சைக்கிளிலிருந்து இறங்கு என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அடிப்படை மரியாதை ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு அது காற்றைப் போல, இருப்பதே தெரியாது. இல்லாதவருக்கு அதுவே முதல் தேவை. அமெரிக்க அலுவலகத்தில் பிறந்த கோட்பாட்டை நம் நாட்டுத் துப்புரவுப் பணியாளரிடமோ கிடங்குத் தொழிலாளியிடமோ பொருத்தும் மாணவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

மாஸ்லோவுக்கும் இதே கவனம் தேவை. பசி முதலில், மரியாதை பிறகு என்று படிப்படியாக ஏறும் கூம்பு வடிவப் படத்தை எல்லாப் பாடநூல்களிலும் பார்க்கலாம். அந்தப் படம் மாஸ்லோவின் 1943 கட்டுரையில் கிடையாது. பின்னர் வந்தவர்கள் வரைந்தது. கிள்ளானில் கூலியும் மரியாதையும் ஒரே நாளில், ஒரே பட்டியலில் கேட்கப்பட்டன.

ஒப்பீடும் நியாயமும்

பட்டியலின் முதல் கோரிக்கையைப் புரிந்துகொள்ள உதவுபவர் ஜே. ஸ்டேசி ஆடம்ஸ். 1960களில் அவர் முன்வைத்த நியாயக் கோட்பாடு எளிமையானது. தான் போடும் உழைப்பையும் பெறும் பலனையும் மனிதர் தனியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரின் உழைப்போடும் பலனோடும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார். ஒப்பீட்டில் அநியாயம் தெரிந்தால், உழைப்பைக் குறைப்பார், கூடுதலாகக் கேட்பார், அல்லது விலகிப் போவார்.

இந்தியத் தொழிலாளிக்கு நாள் கூலி. சீனத் தொழிலாளிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்து கூடுதலாகச் சம்பாதித்தார்கள். மரம் ஒன்றுதான், பாலும் ஒன்றுதான், கூலி மட்டும் வேறு. தோட்டத் தொழிலாளர்கள் கேட்ட தொகையைவிட, அதை எதோடு ஒப்பிட்டுக் கேட்டார்கள் என்பதுதான் ஆய்வாளருக்குச் செய்தி. இன்றும் ஓர் அலுவலகத்தில் சம்பளம் குறைவு என்று வரும் புகாரைக் கிளறிப் பார்த்தால், அடியில் “அவருக்கு மட்டும் ஏன்?” என்ற கேள்வி இருப்பதைப் பார்க்கலாம்.

பணம் பின்வாங்கும் இடம்

பணம் எப்போதும் ஊக்கம் தருமா என்பதை எட்வர்ட் டெசி 1971இல் சோதித்தார். கட்டைகளைப் பொருத்தும் ஒரு புதிரை மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு குழுவினருக்கு மட்டும் விடை கண்டதற்குக் காசு கொடுத்துப் பிறகு நிறுத்தினார். காசு நின்றதும், ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடும் ஆர்வம் அவர்களிடம் குறைந்தது. 1999இல் டெசி குழுவினர் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சுவையான வேலைக்கு முன்கூட்டியே அறிவித்துக் கொடுக்கும் பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது, மனமாரச் சொல்லும் பாராட்டு அதை வளர்க்கிறது என்பது அவர்கள் முடிவு.

இதை வைத்துக்கொண்டு சம்பளம் முக்கியமில்லை என்று யாரும் வாதிடக் கூடாது. அந்தச் சோதனைகள் சுவையான வேலையைப் பற்றியவை. சலிப்பூட்டும் வேலைக்கு அதே முடிவு பொருந்தாது. வயிற்றுக்குப் போதாத சம்பளத்தை நல்ல வார்த்தையால் ஈடுகட்டவும் முடியாது. டெசியும் ரிச்சர்ட் ரையனும் பிறகு வளர்த்த கோட்பாடு மூன்று தேவைகளைச் சொல்கிறது: தானே முடிவெடுக்கும் உரிமை, திறமை கூடுகிறது என்ற உணர்வு, மற்றவரோடு உறவு.

தோட்டத்தையும் ஆலையையும் ஆராய்ந்தவர்கள்

நம் மக்களின் வேலையிடத்தை நேரில் ஆராய்ந்த கல்வியாளர்களும் உண்டு. மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் மலாயாத் தோட்டம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, 1970இல் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றிய நூலை வெளியிட்டார். துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்ற படிநிலை தோட்டத்தின் அன்றாட வாழ்க்கை முழுவதையும் எப்படி ஆண்டது என்பதை அதில் காணலாம். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பி. இராமசாமி, தோட்டத் தொழிலாளர், சங்கம், முதலாளி, அரசு ஆகியவற்றின் உறவை ஆராய்ந்து 1994இல் நூல் எழுதினார். தமிழகத்தில் சமூகவியலாளர் ஈ.ஏ. இராமசாமி கோயம்புத்தூர் பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே கள ஆய்வு செய்து, தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் உள்ள பிணைப்பை 1977இல் நூலாக்கினார். பின்னர் மனிதவள நிர்வாகம் பற்றியும் எழுதினார்.

இவர்கள் காட்டிய வழியில் முக்கியமானது, தொழிலாளியோடு அவர் மொழியில் நீண்ட காலம் பேசியது.

கேள்வித்தாளின் சிக்கல்

இன்று பெரும்பாலான ஆய்வேடுகள் கேள்வித்தாளை நம்பியவை. “முற்றிலும் உடன்படுகிறேன்” தொடங்கி “முற்றிலும் மறுக்கிறேன்” வரை ஐந்து கட்டங்கள் கொண்ட அந்த அளவுகோலை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் அறிமுகப்படுத்தினார். வசதியான கருவிதான். நம் சூழலில் அதற்கு இரண்டு இடர்கள் உண்டு.

முதலாவது, மேலதிகாரி மீதுள்ள அச்சம். டச்சு ஆய்வாளர் ஹெர்ட் ஹோஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவன ஊழியர்களின் விடைகளைக் கொண்டு நாடுகளை ஒப்பிட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் அளவில் மலேசியா 104 புள்ளிகளோடு பட்டியலின் உச்சியில் நின்றது. ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே அளக்கலாமா என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும், மனிதவள அதிகாரி கையில் கொடுத்த தாளில் “என் மேலதிகாரி என்னை மதிக்கிறார்” என்ற வரிக்கு ஓர் ஊழியர் நடுக் கட்டத்தில் புள்ளி வைத்தால், அது அவர் மனநிலையா, தற்காப்பா என்று ஆய்வாளர் யோசித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, மொழி. ஆங்கிலக் கேள்வியை மலாய் அல்லது தமிழில் மாற்றினால், அதை அறியாத வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, பொருள் மாறவில்லையா என்று சரிபார்க்க வேண்டும். தாளை முதலாளி வழியாகக் கொடுக்காமல் நேரில் கொடுப்பதும், பெயர் கேட்காமல் இருப்பதும், பத்துப் பேரிடமாவது உட்கார்ந்து பேசுவதும் ஆய்வின் நம்பகத்தன்மையைக் கூட்டும்.

சட்டம் தந்திருப்பது எது?

1941இல் கேட்டவற்றில் சில இன்று சட்டமாக இருக்கின்றன. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் பி.பி. நாராயணன் போன்றோரின் முயற்சியில் உருவானது. குறைந்தபட்ச சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2022இல் 1,500 வெள்ளியாகவும், 2025இல் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுமுறை 98 நாள், தந்தையருக்கு 7 நாள். வேலை நேரம், வேலை நாள், வேலையிடம் ஆகியவற்றில் நெகிழ்வு கேட்டு ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேட்டவருக்குப் பதில் கிடைக்க வேண்டும் என்று சொல்கிறது. ஊக்க ஆய்வின் கண்ணால் பார்த்தால் இதுவும் பெரிய மாற்றமே.

10 பேரோ அதற்கு மேலோ மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் செலுத்தும் 1 விழுக்காட்டு மனிதவள மேம்பாட்டு லெவி, ஊழியர்களின் பயிற்சிக்குப் பயன்பட வேண்டியது. ‘திறமை கூடுகிறது’ என்ற உணர்வைத் தர முதலாளியின் கையில் இருக்கும் நேரடி வழி அது.

இன்றைய வேலையிடத்துக்கு

சீபீல்ட் தோட்டம் இருந்த நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. பால் மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அலுவலகங்களிலும், ஷா ஆலாம் தொழிற்சாலைகளிலும், கிள்ளான் துறைமுகக் கிடங்குகளிலும், பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். பலர் முதலாளிகளாகவும் இருக்கிறார்கள். ஆள் நிற்பதில்லை என்பது நம் சிறுதொழில் முதலாளிகளிடம் அடிக்கடி கேட்கும் மனக்குறை.

அவர்களுக்கு இந்த ஆய்வுகள் சொல்வதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள். ஒரே வேலைக்கு இருவருக்கு இரு சம்பளம் என்றால் அதன் காரணத்தைச் சொல்ல முடிய வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் ஊழியரைத் திட்டாதீர்கள். வேலை அட்டவணை போடும் முன் அவரிடம் கேளுங்கள். நல்ல வேலையைப் பார்த்த அன்றே வாயால் சொல்லுங்கள். குறை சொன்னவரை ஓரங்கட்டாதீர்கள். இவற்றில் சம்பளத்தைத் தவிர மற்றவற்றுக்குப் பணச் செலவு மிகக் குறைவு.

மனிதவளம் படிக்கும் மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பு தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பெரட்டு எப்படி நடந்தது, செக்ரோலில் பெயர் விடுபட்டால் என்ன ஆனது, எந்த மேற்பார்வையாளரிடம் வேலை செய்ய ஆசைப்பட்டார்கள், ஏன் என்பதை அவர்கள் சொல்வார்கள். அதைப் பதிவு செய்து, இன்று கிடங்கிலும் கடையிலும் வேலை செய்யும் இளைஞர்களின் விடைகளோடு ஒப்பிட்டால், வேறு எந்தப் பாடநூலிலும் கிடைக்காத ஓர் ஆய்வேடு கிடைக்கும். அந்த முதியவர்களிடம் கேட்பதற்கு இருக்கும் காலம் குறுகியது.